ஐந்தாம் பக்கத்தில் இருந்த ஒரு வரி

ஹட்டனுக்கு அப்பால் உள்ள ஒரு தோட்டத்திலிருந்து 34 வயது வாசகி ஒருவர் ஏழு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் தோட்டத்தின் பெயரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். வேறு சில அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன். கடிதத்தின் சாரம் இது.

அவருடைய அப்பாவுக்கு 63 வயது. தேயிலை ஸ்டோரில் முப்பது வருடத்துக்கு மேல் உழைத்தவர். சீனி வருத்தம் 18 வருடமாக இருக்கிறது. இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்து, நான்கு வருடமாக வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் டயலிசிஸ், அதாவது மெஷினில் இரத்தத்தைச் சுத்தம் செய்வது. அம்மா இறந்து இரண்டு வருடம். மகளின் கணவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் அப்பா, மகள், இரண்டு பிள்ளைகள்.

இரண்டு மாதத்துக்கு முன்வரை அப்பா தெளிவாகத்தான் இருந்திருக்கிறார். இப்போது மகளை அம்மாவின் பெயரால் கூப்பிடுகிறார். தேத்தண்ணிக் கோப்பை கையிலிருந்து திடீரென்று எகிறி விழுகிறது. பகலில் தூங்கித் தூங்கி விழுகிறார், இரவில் கால் எரிகிறது என்று எழுந்து லயத்து வாசலில் நடக்கிறார். கடும் மழையில் பாதையில் மண் சரிந்து, இரண்டு டயலிசிஸ் தவறியது. மூன்றாவது தடவை போனபோது மெஷினில் இருக்கும்போதே தலையிடி, வாந்தி, கடைசியில் வலிப்பு. அன்றிலிருந்து, "மெஷின் மூளையை உறிஞ்சுது" என்று பக்கத்து வீட்டார் பேச்சு. கொழும்பிலிருக்கும் தம்பி, 'டயலிசிஸ் டிமென்ஷியா' என்று ஒரு வியாதி இருப்பதாக ஃபோனில் படித்துச் சொல்லியிருக்கிறார். காற்றுக் கறுப்பு பட்டிருக்கிறது என்று ஒருவர் தாயத்துக் கட்டியிருக்கிறார். பெரியம்மா, "இந்த மெஷினை விட்டுடு, நாட்டு மருந்து பார்ப்போம்" என்று கினிகத்தேனைப் பக்கத்திலிருந்து ஒரு பை நிறையக் காமரங்காய் (நட்சத்திரப் பழம்) கொண்டு வந்திருக்கிறார்.

கேள்விகள் மூன்று. மெஷினால்தான் அப்பாவுக்குப் புத்தி பேதலித்ததா? இது சரியாகுமா? டயலிசிஸை நிறுத்தினால் பாவமா?

மகள்,

கடிதத்தின் அடியில் உங்கள் ஃபோன் நம்பரை எழுதியது நல்லதாகப் போயிற்று. படித்து முடித்த அன்றே அந்த நம்பருக்கு ஒரு செய்தி அனுப்பினேன்: வெள்ளிக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம், அப்பாவை இன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள், காமரங்காயைத் தொடவே வேண்டாம் என்று. ஏன் அவ்வளவு அவசரம் என்பதை இங்கே சொல்கிறேன். மற்றக் கேள்விகளுக்கும் வருகிறேன்.

பீலியில் விழுந்தது

பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கதைக்கும் கணவரின் சம்பளக் கதைக்கும் நடுவில், ஐந்தாம் பக்கத்தில், இப்படி ஒரு வரி: "ஆறு கிழமைக்கு முந்தி பீலியில் குளிக்கப் போய் பாசியில் வழுக்கி விழுந்தார், பின்மண்டையில் சின்ன வீக்கம், எண்ணெய் தடவிவிட்டேன்." பீலி என்றால் தோட்டத்து ஆட்கள் குளிக்கும், மலைத் தண்ணீர் கொட்டும் இடம். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேச்சே இல்லை. எனக்கு ஏழு பக்கத்திலும் மிக முக்கியமான வரி அதுதான்.

மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவே மெல்லிய நாளங்கள் போகின்றன. வயது ஏறி மூளை கொஞ்சம் சுருங்கும்போது அந்த நாளங்கள் இழுபட்டு நிற்கும். சின்ன அடியிலும் ஒன்று கிழிந்து இரத்தம் சொட்டுச் சொட்டாகக் கசியலாம். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. எழுந்து நடப்பார், சாப்பிடுவார். மூன்று, நான்கு, ஆறு கிழமைகளில் அந்த இரத்தம் சேர்ந்து மூளையை அழுத்தத் தொடங்கும். அப்போதுதான் தலையிடி, மறதி, தூக்கம், ஆள் மாறிப் பேசுவது, நடை தள்ளாடுவது எல்லாம் வரும். வீட்டார் விழுந்ததையே மறந்திருப்பார்கள்.

டயலிசிஸ் செய்பவருக்கு இந்த ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். மெஷின் குழாய்க்குள் இரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் என்ற மருந்து கொடுக்கிறார்கள். வாரத்துக்கு இரண்டு தடவை. அது போதாதென்று, சிறுநீரகம் செயலிழந்தவரின், இரத்தத்தை உறையவைக்கும் இரத்தத் தட்டுகள் எண்ணிக்கையில் சரியாக இருந்தாலும் வேலையில் மந்தம். கசிவு நிற்கத் தயங்கும்.

உங்கள் அப்பாவுக்கு இதுதான் என்று நான் சொல்லவில்லை. கடிதத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது. ஆனால் தலையில் அடிபட்டு, ஹெப்பாரினும் எடுத்து, சில கிழமைகளில் புத்தி மாறுகிற ஒருவரைப் பார்த்தால், அது இல்லை என்று ஸ்கேன் காட்டும் வரை இருக்கிறது என்றே டொக்டர்களாகிய நாங்கள் எடுத்துக்கொள்வோம். சி.டி. ஸ்கேன் சில நிமிட வேலை. இருந்தால், பல பேருக்கு மண்டை ஓட்டில் சின்னத் துளை போட்டு அந்த இரத்தத்தை வடித்துவிடுவார்கள். நன்றாகத் தேறி வீட்டுக்குப் போனவர்கள் ஏராளம். கண்டி தேசிய வைத்தியசாலையில் நரம்பு அறுவைச் சிகிச்சைப் பிரிவும் சிறுநீரகப் பிரிவும் இரண்டும் உண்டு. உங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து எங்கே அனுப்புவது என்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். முடிவு தெரியும் வரை ஹெப்பாரின் இல்லாமல் டயலிசிஸ் செய்யவும் வழி இருக்கிறது. அதனால்தான், மெஷினில் போடுவதற்கு முன்பே விழுந்த விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

டொக்டர் சிங்களத்தில் கேட்கும்போது வாய் அடைத்துப் போகிறது, 'ஹரி, ஹரி' என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. தமிழ் தெரிந்த ஒருவரை வைத்து விளக்கச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை, சலுகை இல்லை. ஆனால் இரவு பத்து மணிக்கு அவசரப் பிரிவில் நின்றுகொண்டு உரிமை பேச உங்களுக்கு நேரமிருக்காது. அதற்காக இந்த ஒரு வரியை மனப்பாடம் பண்ணுங்கள்: "தாத்தா சுமான ஹயகட கலின் வெட்டுனா, ஒளுவ வெதுனா." அப்பா ஆறு கிழமைக்கு முந்தி விழுந்தார், தலை அடிபட்டது என்று அர்த்தம். சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா. நம் ஊர் தாத்தாவை நினைத்துக் குழம்ப வேண்டாம்.

ஒரு பக்கக் கை கால் சோர்ந்தாலோ, வாய் கோணினாலோ, தட்டி எழுப்பினாலும் எழும்பாவிட்டாலோ, மறுபடி வலிப்பு வந்தாலோ, பஸ்ஸைப் பார்க்க வேண்டாம். 1990-க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசில்லை. திடீர்ப் பாரிசவாதமும் டயலிசிஸ் செய்பவர்களுக்கு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக வருகிறது. அங்கே ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

நாலு மணி பஸ்

இன்னொன்றும் இன்றைக்கே திருத்த வேண்டியது. டயலிசிஸ் நாளில் அப்பா விடியற்காலை மூன்றரைக்கு இன்சுலின் போட்டுக்கொண்டு, வெறும் வயிற்றோடு நாலு மணி பஸ் ஏறுகிறார், டவுனில் இறங்கித்தான் பணிஸ் சாப்பிடுகிறார், பஸ்ஸில் சில நாள் வியர்த்துக் கொட்டி உளறுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். காற்றுக் கறுப்பு என்று தாயத்துக் கட்டியது இதற்குத்தான் போலிருக்கிறது.

இன்சுலினை உடம்பிலிருந்து அகற்றுவதில் சிறுநீரகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. சிறுநீரகம் போனபின் அதே அளவு இன்சுலின் அதிக நேரம் நின்று வேலை செய்யும். நான்கு வருடத்துக்கு முன் சரியாக இருந்த அளவு இன்று அதிகமாக இருக்கலாம். சீனி கூடினால் மட்டும்தான் ஆபத்து என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். குறைந்தால் அதைவிட வேகமாக ஆளைச் சாய்க்கும். வியர்வை, நடுக்கம், உளறல், சில சமயம் வலிப்பு. இன்சுலினும் சாப்பாடும் ஒன்றாகப் போக வேண்டும். பஸ்ஸில் சாப்பிட முடியாதென்றால், டயலிசிஸ் நாளின் அளவையும் நேரத்தையும் கிளினிக்கில் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். உளறும்போது முதலில் விரலில் குத்திச் சீனி பாருங்கள். மீட்டர் இல்லாவிட்டால், விழுங்கும் நிலையில் இருந்தால், மூன்று தேக்கரண்டி சீனியைக் கொஞ்சத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். தாயத்து இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். அது யாரையும் தடுக்கவில்லை.

மெஷின் மூளையை உறிஞ்சுகிறதா?

பக்கத்து வீட்டாரின் கோபம் எனக்குப் புரிகிறது. நன்றாகப் போன மனிதர் மெஷினில் படுத்திருக்கும்போது கண் செருகி, கை கால் இழுப்பதைப் பார்த்தால் மெஷின்மேல்தான் பழி விழும். ஆனால் அன்று நடந்ததன் தொடக்கம் மெஷினில் இல்லை, மண் சரிந்த பாதையில் இருக்கிறது.

இரண்டு தடவை தவறியதால், பத்து நாளுக்கும் மேல் கழிவு உடம்பில் தேங்கியது. யூரியா இரத்தத்தில் மட்டும் ஏறுவதில்லை, மூளைக்குள்ளும் ஏறும். அப்புறம் மெஷினில் போட்டதும் இரத்தத்தில் யூரியா வேகமாக இறங்குகிறது. மூளைக்குள் இருப்பது அதே வேகத்தில் வெளியே வர முடியாது. கழிவு அதிகமாக இருக்கும் பக்கத்துக்குத் தண்ணீர் போகும். அதாவது மூளைக்குள் தண்ணீர் ஏறி, மூளை வீங்குகிறது. முதலில் தலையிடி, பிறகு குமட்டல், அமைதியின்மை, மிஞ்சினால் வலிப்பு. முதல் முதலாக டயலிசிஸ் தொடங்குபவர்களுக்கும், இடையில் தவறவிட்டு வருபவர்களுக்கும் வருவது இது. இதைத் தடுக்கத் தெரியும்: முதல் தடவை குறைந்த நேரம், மெதுவான வேகம், மறுநாளோ அதற்கு மறுநாளோ இன்னொரு தடவை. ஆனால் எத்தனை தவறியது என்று வோர்டில் யாராவது சொன்னால்தானே செய்வார்கள்? "ரோடு மூடியிருந்தது, இரண்டு தடவை வரவில்லை" என்று வாசலிலேயே சொல்லுங்கள்.

உண்மையில் வாரத்துக்கு மூன்று தடவை, நாலு நாலு மணி நேரம் என்பதுதான் வழக்கமான அளவு. இங்கே மெஷினும் குறைவு, வரிசையும் நீளம், அதனால் பலருக்கு இரண்டுதான் கிடைக்கிறது. இரண்டில் ஒன்று தவறினால் பாதியே போய்விடுகிறது. மழைக் காலத்தில் பாதை மூடும் என்று தெரிந்தால், டவுனில் சொந்தக்காரர் வீடு ஏதாவது இருந்தால், முந்தின இரவே போய்த் தங்குவது பற்றி யோசியுங்கள். உங்கள் தோட்டத்து லொறி ஆட்களை ஏற்றிக்கொண்டு போவதாக எழுதியிருந்தீர்கள். டயலிசிஸ் நாள் அட்டவணையைத் தோட்டத் துரையிடம் எழுத்தில் கொடுத்து வையுங்கள், அவசரத்துக்குக் கேட்கச் சுலபம்.

அந்த வலிப்பு முழுக்க இதனால்தான் என்று நானும் அடித்துச் சொல்ல மாட்டேன். தலைக்குள் இரத்தம் இருந்தாலும் வலிப்பு வரும். ஸ்கேன் வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணம்.

தம்பி படித்தது

தம்பி சொன்ன வியாதி பொய்யில்லை. 1972-இல் அமெரிக்காவின் டென்வர் நகரத்தில் ஆல்ஃப்ரி என்ற டொக்டரும் உடன் இருந்தவர்களும், டயலிசிஸ் செய்யும் சிலருக்குப் பேச்சுத் திக்கி, கை கால் துள்ளி, புத்தி மங்கி, சில மாதங்களில் இறந்துபோவதை எழுதினார்கள். 1976-இல் அவர்களே காரணத்தின் நுனியைப் பிடித்தார்கள். இறந்தவர்களின் மூளையில் அலுமினியம் சேர்ந்திருந்தது. ஒரு தடவை டயலிசிஸுக்கு ஏறக்குறைய 120 லீற்றர் தண்ணீர் இரத்தத்துக்குப் பக்கத்தில் மெல்லிய சவ்வுக்கு அந்தப் பக்கம் ஓடுகிறது. நாம் இரண்டு மாதத்தில் குடிக்கும் தண்ணீர் அது. படிகாரம் போட்டுத் தெளியவைத்த குழாய் நீரை அப்படியே விட்டால், அதிலிருக்கும் துளி அலுமினியமும் இரத்தத்துக்குள் போய்விடும், வெளியேற்றச் சிறுநீரகம் இல்லை. சாப்பாட்டிலிருக்கும் பொஸ்பேட் என்ற உப்பு இரத்தத்தில் ஏறாமல் கட்ட அன்று கொடுத்த மாத்திரைகளிலும் அலுமினியம் இருந்தது. இன்று டயலிசிஸ் தண்ணீரைத் தனி இயந்திரத்தில் வடிகட்டித்தான் விடுகிறார்கள். அந்த மாத்திரைகளின் இடத்தில் வேறு வந்துவிட்டன. அந்தப் பழைய வியாதி இப்போது மிக அரிது.

அதனால் வீட்டு அலுமினியப் பானைகளை எல்லாம் தூக்கியெறிய வேண்டாம். புளிக் குழம்பை மட்டும் மண்சட்டியிலோ சில்வர் சட்டியிலோ வையுங்கள், போதும். ஒன்று மட்டும்: வயிற்றெரிச்சலுக்குக் கடையில் வாங்கும் சில வெள்ளை மருந்துகளிலும் அலுமினியம் இருக்கிறது. டயலிசிஸ் செய்பவர் அதைக் கேட்காமல் குடிக்கக் கூடாது.

மாத்திரைப் பை

அப்பாவின் மருந்தெல்லாம் ஒரு சொப்பிங் பேக்கில் தொங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் நீங்கள் பெயர் எழுதி அனுப்பியது ஒன்பது. அதற்கு மேல் பெயரே எழுதாத சின்னக் கவரில் இரண்டு. ஒன்பதில் ஒன்று என் கண்ணில் குத்தியது. கால் எரிச்சலுக்காக டவுனில் ஒரு பிரைவேட் டொக்டர் கொடுத்த காபாபென்டின், 300 மில்லிகிராம், நாளுக்கு மூன்று. இரண்டு மாதமாக.

மருந்து நல்ல மருந்துதான். ஆனால் அது முழுக்க முழுக்கச் சிறுநீரில் மட்டுமே வெளியேறும். சிறுநீரகம் நன்றாக இருப்பவர் உடம்பில் ஆறேழு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். சிறுநீரே போகாத ஒருவரிடம், டயலிசிஸ் இல்லாத நாட்களில் பாதியாகக் குறைய 130 மணி நேரத்துக்கு மேல் ஆகும். கணக்குப் பாருங்கள், ஐந்து நாளுக்கும் மேல். அந்த நேரத்தில் இன்னும் பதினைந்து மாத்திரை உள்ளே போயிருக்கும். டயலிசிஸ் செய்பவர்களுக்கு வழக்கமாக ஒவ்வொரு டயலிசிஸும் முடிந்தபின் ஒரு சின்ன அளவு மட்டும் கொடுப்போம். மிஞ்சினால் பகல் தூக்கம், தள்ளாட்டம், குழப்பம், கை திடீரென்று துள்ளுவது. கோப்பை எகிறி விழுகிறது என்றீர்களே, அந்தத் துள்ளல் இதனாலும் வரலாம். கழிவு தேங்கினாலும் வரலாம். பீலியில் விழுந்ததே இந்தத் தள்ளாட்டத்தினால் இருக்குமோ என்றும் எனக்கு ஒரு சந்தேகம்.

அந்த டொக்டரைத் திட்ட வேண்டாம். சட்டையின் கை மூடியிருக்க, டயலிசிஸ் ஊசி போட நாளங்களை இணைத்த ஃபிஸ்டியூலாக் கையைக் காட்டாமல், "கால் எரியுது" என்று மட்டும் சொல்லியிருப்பார் அப்பா. எங்கே மருந்து வாங்கினாலும் முதல் வார்த்தை "டயலிசிஸ் செய்கிறவர்" என்பதாக இருக்கட்டும். நீங்களாக ஒரு மருந்தையும் கூட்டவோ வெட்டவோ வேண்டாம். பையோடு டயலிசிஸ் பிரிவுக்குக் கொண்டு போய், ஒவ்வொன்றையும் மேசையில் வைத்து, இது இவருக்குச் சரியா என்று கேளுங்கள். பெயரில்லாத அந்த இரண்டையும் சேர்த்து. ஆனால் விழுங்க முடியாத அளவுக்குத் தூக்கத்தில் இருந்தால், அந்த வேளை மாத்திரையை வாயில் திணிக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குத்தான். இதே போலப் பிடிப்புக்கும் விக்கலுக்கும் கொடுக்கும் பக்லோஃபென் இரண்டு மூன்று மாத்திரையிலேயே டயலிசிஸ் நோயாளியை மயங்கவைத்துவிடும். செஃபெபிம் என்ற கிருமிநாசினி ஊசிக்கும் அளவு குறைக்காவிட்டால் இதே கதைதான்.

சரி, கால் எரிச்சலுக்கு என்ன? அது உண்மையான வியாதிதான், பாவனை இல்லை. சீனியும் தேங்கிய கழிவும் சேர்ந்து நீண்ட நரம்புகளை முதலில் கெடுக்கும். அதனால் பாதத்தில் தொடங்கி மேலே ஏறும். எரிச்சல் என்பது ஒன்று. கால் நிற்கமாட்டேன் என்கிறது, நடந்தால்தான் ஆறுதல், படுத்தால் தொடங்குகிறது என்றால் அது இன்னொன்று. இரவில் லயத்து வாசலில் நடக்கிறார் என்பதால் அப்பாவுக்கு இரண்டும் இருக்கும் போலிருக்கிறது. இரண்டாவதற்கு உடம்பில் இரும்புச்சத்து குறைந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள், டயலிசிஸ் போதிய அளவு நடக்கிறதா என்றும் பார்ப்பார்கள். வாந்திக்குக் கொடுக்கும் சில மருந்துகள் இதைக் கூட்டும். பி12, பி1 விட்டமின்களும் கேளுங்கள். டயலிசிஸில் கழிவோடு சேர்ந்து சில விட்டமின்களும் போய்விடும், அதிலும் ரொட்டியும் சம்பலுமாக அரைச் சாப்பாடு சாப்பிடுபவருக்கு.

நம்ம ஊர்க் குளிரில் எல்லோரும் செய்கிற ஒன்றை அப்பா செய்யக் கூடாது. அடுப்படியில் உட்கார்ந்து காலைக் காய்ச்சுவது. உணர்ச்சி குறைந்த பாதம் வெந்தாலும் தெரியாது. காலுறை போடட்டும், வெந்நீர்ப் போத்தலும் வேண்டாம். பீலிக்கு வெறுங்காலோடு போகவும் வேண்டாம். இனி குளியல் வீட்டில், வாளித் தண்ணீரில், பக்கத்தில் ஒரு ஆளோடு.

காமரங்காய்

பெரியம்மாவின் அன்பில் எனக்குச் சந்தேகமில்லை. காமரங்காய் ஜூஸ் சீனியைக் குறைக்கும் என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். அதைப் பிழிந்து குடித்து, நன்றாக இருந்த சிறுநீரகத்தையே கெடுத்துக்கொண்டவர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். பிலிங் காயும் (பிலிம்பி) அப்படியே. இரண்டிலும் சிறுநீரகத்தில் படியும் ஒக்ஸலேட் என்ற உப்பு மிக அதிகம்.

டயலிசிஸ் செய்பவருக்கு ஆபத்து அதற்கும் மேல். காமரங்காயில் நரம்பைத் தாக்கும் நஞ்சொன்று இருக்கிறது. 2013-இல் பிரேசில் ஆராய்ச்சியாளர்கள் அதைப் பிரித்தெடுத்து கராம்பொக்சின் என்று பெயர் வைத்தார்கள். நம் சிறுநீரகம் அதைச் சத்தமில்லாமல் வெளியே தள்ளிவிடும். அப்பாவால் முடியாது. முதல் அடையாளம் நிற்காத விக்கல். பிறகு வாந்தி, குழப்பம், வலிப்பு. ஒரே ஒரு பழம் சாப்பிட்டு இப்படி ஆனவர்கள் உண்டு, இறந்தவர்களும் உண்டு. ஏற்கெனவே கொடுத்திருந்தால் மறைக்காதீர்கள், எவ்வளவு, எப்போது என்று சொல்லுங்கள். அதற்கு மருந்தே உடனடியாக நீண்ட நேர டயலிசிஸ்தான். பெரியம்மா எந்த மெஷினை விடச் சொல்கிறாரோ அதே மெஷின். பையிலிருப்பதை வீட்டில் வைக்காதீர்கள், அவர் மனம் நோகாமல் காரணத்தை எடுத்துச் சொல்லுங்கள்.

நிறுத்தலாமா?

பாவமா என்று கேட்டீர்கள். நான் டொக்டர், பாவ புண்ணியக் கணக்கு எழுதுபவன் இல்லை. தெரிந்ததைச் சொல்கிறேன். சிறுநீர் வராத ஒருவர் டயலிசிஸை நிறுத்தினால் பெரும்பாலும் ஒன்று இரண்டு கிழமைகளில் இறந்துவிடுவார். நாட்டு மருந்து பார்க்கும் இடைவெளி அதில் இல்லை. மறுபக்கம், இனிப் போதும் என்று சொல்லும் உரிமை ஒரு நோயாளிக்கு உண்டு. வலியில்லாமல் பார்த்துக்கொள்ளவும் வழிகள் உண்டு. ஆனால் அதைத் தெளிவான புத்தியோடு அவர்தான் சொல்ல வேண்டும். மகளை மனைவி என்று நினைக்கும் நிலையில் அவர் சொன்னாலும் செல்லாது, அவருக்காகப் பெரியம்மா சொன்னாலும் செல்லாது. முதலில் குழப்பத்தின் காரணங்களைத் தீர்ப்போம். பிறகும் அவர் அதையே கேட்டால், உட்கார்ந்து பேசலாம்.

எல்லாம் திருத்திய பிறகும் கொஞ்சம் மறதி தங்கிவிடலாம், அதையும் மறைக்க விரும்பவில்லை. 2006-இல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வில், டயலிசிஸ் செய்யும் 55 வயதுக்கு மேற்பட்டவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கடுமையான நினைவு, சிந்தனைக் குறைவு இருந்தது. சின்ன இரத்தக் குழாய்கள் சீனியாலும் பிரஷராலும் கெடுவது பெரிய காரணம். மெஷினில் பிரஷர் அடிக்கடி விழுந்தால் மூளைக்கு இரத்தம் குறைகிறது. இரண்டு டயலிசிஸுக்கு நடுவில் அதிகம் குடித்தால் மெஷின் அதிகம் இழுக்க வேண்டி வரும், பிரஷர் விழும். குளிருக்குச் சூடாக ஒரு பிளேன்டீ, இன்னொரு பிளேன்டீ என்று கணக்கில்லாமல் போகும் இடம் அதுதான். ஒரு போத்தலில் ஒரு நாள் அளவை ஊற்றி வையுங்கள். தேத்தண்ணி, சூப், மருந்துக்குத் தண்ணீர் எல்லாம் அதிலிருந்து.

இன்னொன்று, அம்மா போன பிறகு அப்பா யாரோடும் பேசுவதில்லை, கோயிலுக்கும் போவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மனச்சோர்வும் மறதி வேடம் போடும். ஞாபக சக்தியைச் சோதித்தால் டயலிசிஸுக்கு மறுநாள் சோதிக்கச் சொல்லுங்கள். மெஷினில் படுத்திருக்கும்போது யாருக்கும் தலை சரியாக வேலை செய்யாது. பஸ் காசும் சாப்பாடும் கஷ்டமென்றால், சிறுநீரக நோயாளிகளுக்கான அரசாங்க மாதக் கொடுப்பனவு ஒன்று இருக்கிறது. கிராம சேவகர் மூலம் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பிக்காமல் இருந்துவிடாதீர்கள்.

ஒரு கொப்பி

உங்கள் பிள்ளைகளின் பழைய சி.ஆர். கொப்பி ஒன்றில் மிச்சப் பக்கங்கள் இருந்தால் எடுங்கள். ஒவ்வொரு தடவையும் என்ன நடந்தது என்பதோடு, எப்போது நடந்தது என்று எழுதுங்கள். எங்களுக்கு எப்போது என்பதுதான் பாதி விடை. டயலிசிஸுக்கு முந்தின நாள் குழம்பி, செய்தபின் தெளிந்தால், டயலிசிஸ் போதவில்லை என்று யோசிப்போம். மெஷினிலோ, இறங்கிய சில மணி நேரத்திலோ தலையிடி என்றால் வேகம், பிரஷர், யூரியா. சில பேருக்குப் பழகிய தேத்தண்ணியின் கஃபீன் மெஷினில் வடிந்துபோவதும் தலையிடி கொடுக்கும். சாப்பாட்டுக்கு முன் உளறல் என்றால் சீனி. புது மருந்து தொடங்கிய கிழமையில் என்றால் மருந்து. எந்த நேரக் கணக்கிலும் அடங்காமல் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனால் ஸ்கேன்.

நிறையும் எழுதுங்கள், போகும்போது எவ்வளவு, வரும்போது எவ்வளவு. பிரஷர் எவ்வளவு என்று நர்ஸ் மிஸ்ஸிடம் கேட்டு அதையும் எழுதுங்கள், எரிச்சல்பட்டாலும் சொல்வார்கள். கொப்பியை மாத்திரைப் பையோடு வையுங்கள். முதல் பக்கத்தில் முதல் வரியாக, பீலியில் விழுந்த தேதியை எழுதிவிடுங்கள்.